ஆர்ச்சி பங்கரின் நாற்காலியும் எரிக் மான்டியின் பேனாவும்

"தம்பி, நார்மன் லியர்னு ஒருத்தர் இருந்தாரே, கேள்விப்பட்டிருக்கீங்களா?"

ஒரு கருத்தரங்கில் நான் கட்டுரை வாசித்து முடித்ததும் வந்த முதல் கேள்வி இது. தொலைக்காட்சி நகைச்சுவை நிகழ்ச்சிகளில் சாதியும் தோல் நிறமும் எப்படிச் சிரிப்புக்கான மூலப்பொருள் ஆகின்றன என்பதுதான் கட்டுரை. கேட்டவர் மூத்த பேராசிரியர், முற்போக்காளர் என்று பெயரெடுத்தவர். என் பதிலுக்குக் காத்திராமல் அவரே தொடர்ந்தார். அமெரிக்காவில் நிறவெறியை அந்த மனிதர் சிரிப்பாலேயே கரைத்துக் காட்டினாராம். வசவுச் சொற்களைத் தடை செய்யாமல், அவற்றைப் பேசுகிறவனைக் கோமாளியாக்கி, ஒரு நாட்டையே மாற்றினாராம். "நீங்களும் கொஞ்சம் சிரிக்கக் கத்துக்கணும் தம்பி" என்று முடித்தார். அரங்கம் சிரித்தது. "சரிங்க சார்" என்று சொல்லி நானும் சிரித்தேன்.

அந்தச் சிரிப்பைப் பற்றிப் பிறகு சொல்கிறேன். முதலில் லியரைப் பற்றிப் பேசிவிடுவோம். ஏனென்றால் அந்தப் பேராசிரியர் ஒருவர் மட்டும் அல்ல. 2023 டிசம்பர் 5 அன்று 101 வயதில் லியர் இறந்தபோது வந்த அஞ்சலிகளில் பெரும்பாலானவை இதே பல்லவியைத்தான் பாடின. நகைச்சுவையில் சாதி இழிவைச் சுட்டிக்காட்டினால், "உங்களுக்கு நகைச்சுவை உணர்வு இல்லை" என்பது பழைய பதில். "லியரைப் பாருங்கள்" என்பது அதே பதிலுக்குப் படித்தவர்கள் மாட்டிவிட்ட கோட்டு. ஆய்வுக்காக அந்த மனிதரின் தொடர்களை வரிசையாகப் பார்த்தவன், 2014-இல் வந்த அவரது தன்வரலாற்றைப் படித்தவன் என்ற முறையில் எனக்குச் சொல்ல ஒன்று இருக்கிறது. அவரை முழுதாகப் பார்த்தால் அவர் நம் பக்கத்துச் சாட்சி.

லியர் 1922-இல் கனெக்டிகட் மாநிலத்து நியூ ஹேவனில் ஒரு யூதக் குடும்பத்தில் பிறந்தார். ஒன்பது வயதில் அப்பா போலிப் பத்திரம் விற்க முயன்று சிறைக்குப் போனார். அதே வயதில்தான் ஒரு சின்ன வானொலிப் பெட்டியில் பாதிரியார் காஃப்லினின் யூத வெறுப்புப் பேச்சைக் கேட்டு, தன்னை வெறுக்கிறவர்களும் உலகில் உண்டு என்று தெரிந்துகொண்டதாக எழுதியிருக்கிறார். இரண்டாம் உலகப் போரில் குண்டுவீச்சு விமானத்தில் 52 முறை பறந்தார். போர் முடிந்து லாஸ் ஏஞ்சல்ஸ் போனார். வீடு வீடாகப் பொருள் விற்றுக்கொண்டே நகைச்சுவைத் துணுக்கு எழுதினார். டீன் மார்ட்டின், ஜெர்ரி லூயிஸ் இணைக்கு எழுதிப் பெயர் வாங்கினார். 1950-களின் இறுதியில் பட் யார்க்கினோடு சேர்ந்து சொந்தத் தயாரிப்பு நிறுவனம். இதெல்லாம் உழைத்து முன்னேறிய ஒருவரின் கதை. அதில் எனக்குச் சண்டை இல்லை.

சண்டை 1971 ஜனவரி 12-இல் தொடங்குகிறது. பிரிட்டனில் ஜானி ஸ்பைட் எழுதிய ஒரு பிபிசி தொடரைப் பற்றிப் படித்துவிட்டு அதன் உரிமையை வாங்கி, லியர் அமெரிக்காவுக்கு மாற்றியெழுதிய 'ஆல் இன் த ஃபேமிலி' அன்றுதான் சிபிஎஸ்ஸில் வந்தது. அதற்கு முன் ஏபிசி நிறுவனம் இரண்டு முறை மாதிரிப் படம் எடுக்க வைத்து, பயந்துபோய்க் கைவிட்டிருந்தது. நியூயார்க்கின் குவீன்ஸ் பகுதியில் ஒரு சாதாரண வீடு. அந்த வீட்டுத் தலைவன் ஆர்ச்சி பங்கர், சரக்கு ஏற்றுமிடத்தில் மேஸ்திரி. கறுப்பர்கள், யூதர்கள், புவேர்ட்டோ ரிக்கர்கள், பெண்ணுரிமை பேசுகிறவர்கள் என்று ஒருவரையும் விடாமல் திட்டித் தீர்ப்பான். அவனோடு மோத ஒரு முற்போக்கு மருமகன், மைக். நடுவில் அப்பாவி மனைவி, ஈடித். மனைவியை வாயை மூடு என்று அதட்டும் பழக்கத்தைத் தன் அப்பாவிடமிருந்தே எடுத்ததாக லியர் சொல்லியிருக்கிறார். தொடர்ந்து ஐந்து பருவங்கள் அமெரிக்காவில் அதிகம் பேர் பார்த்த நிகழ்ச்சி இதுதான்.

அவருக்குச் சேர வேண்டியதை முதலில் கொடுத்துவிடுகிறேன். அதுவரை அமெரிக்க வீட்டுத் தொடர்களில் யாருக்கும் வியட்நாம் தெரியாது, வேலையின்மை தெரியாது, மாதவிடாய் நிற்பது தெரியாது. லியர் அத்தனையையும் கூடத்துக்குள் கொண்டுவந்தார். ஓரினச் சேர்க்கையாளரைக் கண்ணியமாகக் காட்டிய ஒரு பகுதியைப் பார்த்துவிட்டு அதிபர் நிக்சன் வெள்ளை மாளிகையில் பொருமியது 1971 மே மாத ஒலிநாடாவில் அப்படியே பதிவாகியிருக்கிறது. 1972 நவம்பரில் 'மாட்' தொடரில் ஒரு நடுத்தர வயதுப் பெண் கருக்கலைப்பு செய்துகொள்ள முடிவெடுக்கிறாள். உச்ச நீதிமன்றத் தீர்ப்பு வருவதற்கு இரண்டு மாதம் முன்பு. சில நிலையங்கள் ஒளிபரப்ப மறுத்தன. தணிக்கையை எதிர்த்து எழுத்தாளர் சங்கத்தோடு சேர்ந்து நீதிமன்றம் போனார். பிற்காலத்தில் கிறிஸ்தவ வலதுசாரிகளுக்கு எதிராக ஓர் அமைப்பையே கட்டினார். நிக்சனுக்குப் பிடிக்காதவர் என்றால் நமக்குப் பாதி நண்பர்தான்.

மீதிப் பாதிதான் கேள்வி.

ஆர்ச்சியைப் பார்த்து மக்கள் சிரித்தார்கள். சரி. யார், எதற்காகச் சிரித்தார்கள்? நீல் விட்மர், மில்டன் ரொக்கீச் என்ற இரண்டு உளவியல் ஆய்வாளர்கள் இதைப் பார்வையாளர்களிடமே போய்க் கேட்டார்கள். அமெரிக்காவில் பதின்ம வயதினர், கனடாவில் பெரியவர்கள். 1974-இல் முடிவு வெளிவந்தது. நிற வெறுப்பு குறைவாக இருந்தவர்கள் ஆர்ச்சியைக் கேலிப்பொருளாகப் பார்த்தார்கள். வெறுப்பு அதிகமாக இருந்தவர்களோ ஆர்ச்சியைப் பாராட்டினார்கள்; மருமகனைவிட அவன் பேச்சில்தான் நியாயம் இருக்கிறது, கடைசியில் ஜெயிப்பதும் அவன்தான் என்றார்கள். இருதரப்புக்கும் தொடர் பிடித்திருந்தது. ஒரே நகைச்சுவை, இரண்டு சிரிப்பு. வெறுப்பைக் கிண்டலடிக்க எழுதியது வெறுப்பவனுக்குத் தோள்தட்டலாகப் போய்ச் சேர்ந்தது.

ஆய்வு வரும்வரை காத்திருக்கவும் தேவை இருக்கவில்லை. 1972 அதிபர் தேர்தல் நேரத்தில் 'ஆர்ச்சி பங்கரை அதிபராக்குவோம்' என்று சட்டைகளும் வண்டியில் ஒட்டும் வில்லைகளும் விற்றன. அவன் உளறல்களைத் தொகுத்துப் புத்தகம் போட்டுக் காசு பார்த்தார்கள். கோமாளி கொடியாகிவிட்டான்.

இதை அன்றே சொன்னவர் லாரா ஹாப்சன். யூத வெறுப்பைப் பற்றி 'ஜென்டில்மன்ஸ் அக்ரிமென்ட்' என்ற நாவலை எழுதியவர். தொடர் தொடங்கிய ஆண்டே நியூயார்க் டைம்ஸில் ஒரு நீண்ட கட்டுரை எழுதினார். அவர் வாதம் எளிமையானது. ஆர்ச்சி வாயில் வரும் வசவுகளைக் கவனியுங்கள். உண்மையான வெறியன் வாயில் வரும் மிகக் கொடிய சொற்கள் மட்டும் அதில் இல்லை. அவற்றைச் சேர்த்தால் யாருக்கும் சிரிப்பு வராது. ஆகவே வெறுப்பைத் துவைத்து, வெளுத்து, மடித்து, வீட்டுக்குள் வைத்துக்கொள்ளத் தக்கதாக ஆக்கியிருக்கிறார்கள். சில வாரங்களில் லியர் அதே இதழில் பதில் எழுதினார். வெறியர்கள் எல்லோரும் கொம்பு முளைத்தவர்கள் அல்ல, நாம் நேசிக்கிற அப்பாக்களும் மாமாக்களும்தான் என்பது அவர் வாழ்நாள் முழுதும் சொல்லிவந்த வாதம்.

அந்த வாதம் நமக்குப் புதிதா? "வாய்தான் அப்படி, மனசு தங்கம்." ஊரில் இந்த வாக்கியத்தைக் கேட்காமல் வளர்ந்தவர் நம்மில் யாராவது உண்டா? தனிக்குவளையில் டீ ஊற்றுகிறவருக்கு மனசு தங்கம். அறுபது வயதுக்காரரை வாடா போடா என்று கூப்பிடுகிற இருபது வயதுப் பண்ணையார் மகனுக்கு மனசு தங்கம். கலப்புத் திருமணம் செய்த மகளைக் கொல்லக் கிளம்புகிறவரைப் பற்றிக்கூட, பாவம், பாசக்கார மனுஷன் என்று படம் எடுத்திருக்கிறோம். ஆர்ச்சி நல்லவன்தான், காலம் மாறுவதைப் பார்த்துப் பயப்படுகிறான், அவ்வளவுதான் என்று சொல்லும்போது அந்தப் பயத்துக்கு விலை கொடுப்பவன் யார் என்ற கேள்வி திரைக்கு வெளியே போய்விடுகிறது.

ஆர்ச்சிக்கு ஒரு நாற்காலி உண்டு. கூடத்தின் நடுவில் கிடக்கும். வேறு யாராவது உட்கார்ந்தால் எழுப்பிவிடுவான். தொடரின் நிரந்தர நகைச்சுவைகளில் அதுவும் ஒன்று. 1978-இல் அதைத் தேசிய அருங்காட்சியகமான ஸ்மித்சோனியன் வாங்கி வைத்துக்கொண்டது. இன்றும் வாஷிங்டனில் இருக்கிறது. நாற்காலி எனக்கு அவ்வளவு வேடிக்கையான பொருள் அல்ல. 2020-இல் கடலூர் மாவட்டம் தெற்குத் திட்டையில் ஊராட்சி மன்றத் தலைவராகத் தேர்ந்தெடுக்கப்பட்ட பெண் தரையில் உட்கார்ந்திருக்க, மற்றவர்கள் நாற்காலியில் உட்கார்ந்திருந்த படத்தை நாமெல்லாம் பார்த்தோம். யாரை உட்கார விடுவது என்று தீர்மானிக்கிறவனின் நாற்காலி சிரிப்பாகத் தெரிய வேண்டுமானால், நாம் எழுப்பப்படும் இடத்தில் இருக்கக் கூடாது.

இனி விஷயத்துக்கு வருகிறேன். ஆர்ச்சி வெள்ளையன், வெள்ளையர் எழுதிய வெள்ளையன். அவனைப் பற்றி அவர்கள் அடித்துக்கொள்ளட்டும். கறுப்பர்களின் வாழ்க்கையை லியரின் நிறுவனம் எடுத்தபோது என்ன நடந்தது என்பதுதான் கருத்தரங்கில் யாரும் பேசாத பகுதி.

1974 பிப்ரவரியில் 'குட் டைம்ஸ்' தொடங்கியது. சிகாகோவின் அரசுக் குடியிருப்பு ஒன்றில் வாழும் ஏழைக் கறுப்பர் குடும்பம். சென்னைக்காரர்கள் கண்ணகி நகரை நினைத்துக்கொள்ளலாம். உருவாக்கியவர்கள் என்று திரையில் வரும் பெயர்கள் எரிக் மான்டி, மைக் எவன்ஸ். இருவரும் கறுப்பர்கள். மான்டி சிகாகோவின் காப்ரினி கிரீன் குடியிருப்பில் வளர்ந்தவர். படிப்பைப் பாதியில் விட்டு ஹாலிவுட்டுக்கு வந்தவர். அந்தக் குடும்பமும் அந்தக் குடியிருப்பும் அவர் வாழ்க்கையிலிருந்து வந்தவை. அவருடைய 'கூலி ஹை' திரைப்படத்தையும் (1975) பார்த்தவர்களுக்கு அது சொல்லாமலே தெரியும்.

தாயாக நடிக்க வந்த எஸ்தர் ரோல் ஒரு நிபந்தனை வைத்தார். வீட்டில் கணவன் இருக்க வேண்டும்; அப்பா இல்லாத கறுப்புக் குடும்பத்தில் நான் நடிக்க மாட்டேன். கறுப்பர் வீடு என்றால் அப்பன் ஓடிப்போன வீடு என்ற பொதுப்புத்தியை அந்த நடிகை தெரிந்துவைத்திருந்தார், தயாரிப்பாளர்களுக்குத் தோன்றவில்லை. அப்படித்தான் ஜேம்ஸ் எவன்ஸ் என்ற அப்பா பாத்திரம் வந்தது. நடித்தவர் ஜான் ஏமஸ். கிடைக்கும் வேலையெல்லாம் செய்து, கோபப்பட்டு, பிள்ளைகளை அதட்டி, நேசித்து, குடும்பத்தைத் தூக்கி நிறுத்தும் மனிதன். அமெரிக்கத் தொலைக்காட்சியில் அப்படி ஒரு கறுப்புத் தந்தை அதுவரை இல்லை.

வீட்டில் மூன்று பிள்ளைகள். மகள் மருத்துவராக ஆசைப்படுகிறாள். இளையவன் நீதிபதியாக ஆசைப்படுகிறான். மூத்தவன் ஜே.ஜே., ஓவியன், கொஞ்சம் கோணங்கி. பல்லைக் காட்டி ஒரு வார்த்தையை வெடித்தால் அரங்கம் குலுங்கிச் சிரித்தது. அந்த வார்த்தை எல்லாப் பகுதியிலும் வர வேண்டும் என்று இயக்குநர் பிடிவாதம் பிடித்தார். போகப் போகக் கதை ஜே.ஜே.யின் பின்னால் போனது. மருத்துவராகப் போகிறவளும் நீதிபதியாகப் போகிறவனும் ஓரமாக நின்று அவன் கோணங்கிக்குச் சிரித்தார்கள். ரோல் பத்திரிகையில் வெளிப்படையாகவே கண்டித்தார்: வேலை இல்லாத, படிக்காத, பல்லிளிக்கிற ஒருவனை நம் பிள்ளைகளுக்கு முன்மாதிரியாக்குகிறார்கள் என்று. ஏமஸ் ஒவ்வொரு வாரமும் எழுத்தாளர்களோடு மல்லுக்கு நின்றார். கறுப்பர் வீட்டில் ஓர் அப்பா இப்படிப் பேச மாட்டார் என்று சொல்வார். வெள்ளை எழுத்தாளர்கள், எங்களுக்குத் தெரியும் என்பார்கள். பிற்காலப் பேட்டிகளில் இதையெல்லாம் அவரே விவரித்திருக்கிறார்.

மூன்றாம் பருவம் முடிந்ததும் லியரிடமிருந்து ஏமஸுக்குத் தொலைபேசி வந்தது. தொடர் நீடிக்கிறது, நீங்கள் இல்லை.

1976 செப்டம்பரில் ஜேம்ஸ் எவன்ஸ் மிசிசிப்பியில் கார் விபத்தில் செத்துப்போனதாகக் கதையை மாற்றினார்கள். இறுதிச் சடங்கு முடிந்து எல்லோரும் போன பிறகு ரோல் ஒரு கண்ணாடிக் கிண்ணத்தைத் தரையில் போட்டு உடைத்துக் கதறும் காட்சியை அமெரிக்காவில் இன்றும் நினைவு வைத்திருக்கிறார்கள். நடிப்பு என்று சொல்கிறார்கள். எனக்கு அது முழுக்க நடிப்பாகத் தெரியவில்லை. எந்த அப்பாவுக்காக அந்தப் பெண் சண்டை போட்டாரோ அந்த அப்பாவைக் கொன்றுவிட்டார்கள். அப்பா இல்லாத கறுப்புக் குடும்பம் தயார். அடுத்த ஆண்டு ரோலும் வெளியேறினார். ஜே.ஜே.யைப் பொறுப்பானவனாக மாற்றுவோம் என்று ஒப்புக்கொண்ட பிறகுதான் கடைசிப் பருவத்துக்குத் திரும்பினார்.

இதற்கு முன்பே ஒன்று நடந்தது. கருஞ்சிறுத்தைக் கட்சிக்காரர்கள் மூன்று பேர் லியரின் அலுவலகத்துக்குள் நேராகப் புகுந்தார்கள். இது லியர் தாமே எழுதியது. இது வெள்ளைக்காரன் பார்வையில் கறுப்புக் குடும்பம், ஜே.ஜே. எங்களை அவமதிக்கிறான், தொலைக்காட்சியில் வரும் கறுப்பன் எப்போதும் ஏன் பஞ்சப் பரதேசியாகவே இருக்கிறான் என்று கேட்டார்கள். லியர் காவலரைக் கூப்பிடவில்லை. உட்கார வைத்துக் கேட்டார். அதற்காக அவரை மதிக்கிறேன். நம் ஊர்த் தயாரிப்பாளர் ஒருவர் அலுவலகத்துக்குள் சிறுத்தைகள் புகுந்திருந்தால் அடுத்த நாள் தலைப்புச் செய்தி என்னவாக இருக்கும் என்று உங்களுக்கே தெரியும். கேட்டதன் விளைவாகத்தான் 1975-இல் பணக்காரக் கறுப்புக் குடும்பத்தைப் பற்றிய 'த ஜெஃபர்சன்ஸ்' வந்தது என்கிறார். பதினோரு பருவங்கள், 253 பகுதிகள் ஓடியது. வெற்றி.

ஆனால் கேட்டது என்ன, கிடைத்தது என்ன? வெள்ளைக்காரன் பார்வை என்பது முதல் குற்றச்சாட்டு. வறுமை கடைசிக் குற்றச்சாட்டு. லியர் கடைசியை எடுத்துக்கொண்டு முதலாவதை அப்படியே விட்டார். பாத்திரத்தின் வங்கிக் கணக்கு மாறியது, எழுத்து மேசையின் தலைமை மாறவில்லை. கறுப்பு எழுத்தாளர்களே இல்லை என்று நான் சொல்லவில்லை. 'சான்ஃபோர்ட் அண்ட் சன்' தொடருக்கு ரிச்சர்ட் பிரையரும் பால் மூனியும்கூட எழுதியிருக்கிறார்கள். எழுதலாம். இந்தக் காட்சி வேண்டாம் என்று நிறுத்துகிற உரிமைதான் அவர்களிடம் இல்லை. அந்த உரிமை தமக்கு உண்டு என்று நினைத்து நடந்துகொண்ட ஜான் ஏமஸுக்கு என்ன ஆனது என்று பார்த்தோம். (நம் பம்பாய்த் தோழர்கள் கருஞ்சிறுத்தைகளைப் பார்த்துத் தலித் சிறுத்தைகள் இயக்கத்தைத் தொடங்கிய 1972-லேயே லியரின் ஆறேழு ஆண்டுப் பொற்காலமும் வேகமெடுத்தது. ஒரே பெயர் ஓரிடத்தில் கவிதையாக வெடித்தது, இன்னோரிடத்தில் ஒரு தயாரிப்பாளரின் கதவைத் தட்டியது. இரண்டையும் சேர்த்து யாராவது எழுத வேண்டும்.)

எரிக் மான்டி என்ன ஆனார்? தன்னுடைய கருத்துகளும் பாத்திரங்களும் திருடப்பட்டன என்று 1977-இல் லியர் மீதும் தொலைக்காட்சி நிறுவனங்கள் மீதும் வழக்குப் போட்டார். பணம் கொடுத்துச் சமரசம் செய்து முடித்தார்கள். அதற்குப் பிறகு ஹாலிவுட்டில் தனக்குக் கதவுகள் மூடிவிட்டன என்பது மான்டியின் குற்றச்சாட்டு. 2006-இல் லாஸ் ஏஞ்சல்ஸ் நாளிதழ் ஒன்று அவரைத் தேடிப் போனபோது சால்வேஷன் ஆர்மி நடத்தும் வீடற்றோர் விடுதியில் இருந்தார். அந்த வீழ்ச்சிக்கு வேறு காரணங்களும் இருந்தன, எல்லாவற்றையும் லியர் தலையில் கட்ட மாட்டேன். ஆனால் 1985-இல் லியரும் அவருடைய பங்காளியும் தங்கள் நிறுவனங்களைக் கோகோ கோலாவுக்கு 48.5 கோடி டாலருக்கு விற்றார்கள் என்பதையும் பக்கத்திலேயே எழுதி வைக்கிறேன். விற்ற சரக்கில் காப்ரினி கிரீன் குடியிருப்பும் இருந்தது.

இத்தனைக்கும் லியர் நல்லவர். அதுதான் என் வாதமே. அவர் கெட்டவராக இருந்திருந்தால் கதை சுலபமாக முடிந்திருக்கும். யூதராகப் பிறந்து, வெறுப்பின் சூட்டைச் சின்ன வயதிலேயே உணர்ந்து, கைப்பணத்தையும் நேரத்தையும் சமத்துவத்துக்காகச் செலவழித்த மனிதர் அவர். அவர் கையிலேயே சிரிப்பு இப்படித் திரும்பிக் குத்தியது என்றால், நல்லெண்ணம்கூட இல்லாதவர்கள் கையில் அது என்ன செய்யும்? இரண்டாயிரம் ஆண்டு மதபோதனை செய்ய முடியாததை என் அரைமணி நேரத் தொடர் செய்துவிடுமா என்ற பொருளில் லியரே பலமுறை பேசியிருக்கிறார். அவருக்கே இல்லாத மயக்கம் நம் பேராசிரியருக்கு எப்படி வந்தது?

எப்படி வந்தது என்று தெரியும். லியர் அவருக்கு ஒரு சாக்கு. 2012 மே மாதம் நினைவிருக்கிறதா? பதினோராம் வகுப்பு அரசியல் அறிவியல் பாடநூலில் 1949-இல் சங்கர் வரைந்த கேலிச்சித்திரம்: நத்தை மேல் அம்பேத்கர், பின்னால் சாட்டையோடு நேரு. தோழர் திருமாவளவன் அதை நாடாளுமன்றத்தில் எழுப்பினார். உடனே நாடு முழுவதும் உள்ள கருத்துச் சுதந்திரக் காவலர்கள் நமக்குச் சிரிக்கத் தெரியாது என்று எழுதித் தள்ளினார்கள். புனேயில் பாடநூல் ஆலோசகரின் அலுவலகத்தை அடித்து நொறுக்கியதை நான் அன்றும் ஏற்கவில்லை, இன்றும் ஏற்கவில்லை. ஆனால் அந்த எழுத்துகளில் ஒன்றுகூட, ஒரு தலித் மாணவி வகுப்பறையில் அந்தப் பக்கத்தைத் திருப்பும்போது பக்கத்து இருக்கைகளில் யார் சிரிப்பார்கள் என்று கேட்டதாக எனக்கு நினைவில்லை. பிறகு 2019-இல் உன்னமதி சியாம சுந்தர், 1932 முதல் 1956 வரை ஆங்கில இதழ்களில் அம்பேத்கரைப் பற்றி வந்த நூற்றுக்கும் மேற்பட்ட கேலிச்சித்திரங்களைத் தேடி எடுத்துத் தொகுத்தார். வரிசையாகப் புரட்டிப் பாருங்கள். ஒவ்வொன்றும் தனியாக ஒரு நகைச்சுவை. சேர்ந்தால் ஒரு தலைமுறையின் சாதிவெறி. அந்த வேலையைச் செய்ய நம்மில் ஒருவர்தான் ஆராய்ச்சிக்கு வர வேண்டியிருந்தது.

நகைச்சுவையே வேண்டாம் என்று நான் சொல்வதாக யாரும் திரிக்க வேண்டாம். எங்கள் தெருவில் சாவு வீட்டில்கூடச் சிரிப்பு உண்டு. பண்ணையாரை மாதிரி நடந்துகாட்டி எங்கள் பாட்டி சிரிக்க வைத்ததைப் போல எந்தத் தொலைக்காட்சியும் என்னைச் சிரிக்க வைத்ததில்லை. நான் கேட்பது ஒன்றுதான். ஒவ்வொரு வாரமும் தமிழ்த் தொலைக்காட்சிகளில் ஓடும் நகைச்சுவை நிகழ்ச்சிகளுக்கு எழுதும் மேசையில் யார் உட்கார்ந்திருக்கிறார்கள்? அங்கே எங்களில் ஒருவர் இருந்தால், "இது வேண்டாம்" என்று அவர் சொன்ன பிறகும் அடுத்த வாரம் அவருக்கு வேலை இருக்குமா? லியரை உதாரணம் காட்டுகிறவர்கள் இதற்குப் பதில் சொல்லிவிட்டு எனக்குச் சிரிக்கச் சொல்லித் தரட்டும்.

கருத்தரங்கில் இவற்றில் ஒன்றைக்கூட நான் சொல்லவில்லை. சிரித்தேன். அந்தச் சிரிப்பு எனக்குப் பழக்கமானது. கல்லூரி விடுதியில் முதலாம் ஆண்டு, ஞாயிற்றுக்கிழமை இரவுகளில் ஓர் அறையில் கூடுவோம். ஒருவன் நன்றாக மிமிக்ரி செய்வான். நடிகர்கள், அரசியல்வாதிகள், வார்டன், கடைசியில் எப்போதும் ஒரே அயிட்டம்: உதவித்தொகைப் பணம் வந்த அன்று "கோட்டா பையன்" கேண்டீனுக்குப் போவது. என் ஊர்ப் பேச்சு, என் நடை, பரோட்டாவை நான் பிய்க்கும் விதம். எல்லோரும் என்னைப் பார்ப்பார்கள். நான்தான் முதலில் சிரிக்க வேண்டும். சிரித்தால் நான் ஜாலியானவன், சிரிக்காவிட்டால் அதுதான் அடுத்த நகைச்சுவை. மூன்று ஆண்டு, ஞாயிறு தவறாமல், முதல் ஆளாகச் சிரித்தேன். 'குட் டைம்ஸ்' பார்க்கும்போது ஓரமாக நின்று அண்ணனைப் பார்த்துச் சிரிக்கும் அந்தச் சின்னப் பையனின் முகத்தை மட்டும் நான் நிறுத்தி நிறுத்திப் பார்த்ததற்கு ஆய்வு காரணமில்லை.

போன மாதம் அந்த மிமிக்ரிக்காரன் போன் செய்தான். பத்து வருடம் கழித்து. விடுதி நண்பர்கள் எல்லோரும் ஒன்றுகூடப் போகிறோம், நீயும் வரணும் மச்சான் என்றான். பழைய கதையெல்லாம் பேசினான். பிறகு திடீரென்று குரலை மாற்றி, பத்து வருடம் முந்தைய என் குரலில், கேண்டீன்காரரிடம் சால்னா கேட்டான். கச்சிதமாக இருந்தது. இன்னும் கைவிடவில்லை போலிருக்கிறது.

நான் ஒன்றும் சொல்லவில்லை. மறுமுனையில் அவன் காத்திருந்தான். "ஹலோ, லைன்ல இருக்கியா?" என்றான். "இருக்கேன்" என்றேன். இன்னும் கொஞ்ச நேரம் காத்திருந்துவிட்டு, மண்டப வாடகையைப் பற்றிப் பேச ஆரம்பித்தான்.